காரணம் சொல்கிறவர்

எந்த வீட்டுக்குப் போனாலும், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

"கக்கூஸ் எங்க இருக்குதுங்க?"

விஷயம் தெரியாதவர்கள் அவசரம் என்று நினைத்துக்கொள்வார்கள். ராசிபுரம் பக்கம் ஒரு வீட்டில் அந்த அம்மாள் பதறிப்போய் ஓடி லைட்டைப் போட்டு, பீரோவிலிருந்து புதுத் துண்டு ஒன்றையும் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். இவரும் மறுக்காமல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். காம்பஸைத் தரையில் வைத்துத் திசை பார்த்தார். துண்டை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தப்பா இருக்குதுங்க" என்றார். அந்த அம்மாள் துண்டைத்தான் சொல்கிறார் என்று நினைத்து வேறு துண்டு எடுக்கப் போனாராம். இதை அவரே எங்கள் ஆபீஸில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நான் டிப்ளமோ சிவில் படித்தவள். நாமக்கல்லில் பஸ் போகிற ரோட்டில் ஒரு மாடி அறை பிடித்து வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கிறேன். அவர் வாரத்துக்கு இரண்டு தடவையாவது யாரையாவது கூட்டிக்கொண்டு அந்த மாடிப்படி ஏறி வருவார். அவருக்குப் பெயர் உண்டு. நான் சொல்லப் போவதில்லை. வாஸ்துக்காரர் என்றால்தான் அந்தச் சுற்றுவட்டாரத்தில் தெரியும். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு. அதற்குள்தான் காம்பஸ் இருக்கும். காது கொஞ்சம் மந்தம். அதனால் எதைச் சொன்னாலும் தெருக்கோடிவரை கேட்கும். யார் வீட்டில் எந்த மூலையில் கழிவறை இருக்கிறது என்பது கீழே டீக்கடையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் அத்துப்படி.

எங்கள் இருவருக்கும் ஓயாத சண்டை. வடகிழக்கு ஈசானிய மூலை, அங்கே கழிவறை கூடாது. தென்மேற்கு கன்னி மூலை, அங்கே கூடவே கூடாது. நடு வீட்டில் என்றால் பேச்சுக்கே இடமில்லை. வடமேற்கு வாயு மூலைதான் உத்தமம். இது அவர் கட்சி. சாக்கடை தெற்கே ஓடுகிறது, பைப்புக்குச் சரிவு வேண்டும், வடமேற்கிலிருந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு பைப் வந்தால் அடைக்கும் என்பது என் கட்சி. "பைப்பு வளையுமுங்க அம்மிணி, தெசை வளையாது" என்பார். கூட வந்தவர்கள் தலையாட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அழித்துவிட்டு அவர் சொல்கிற இடத்தில் கோடு போடுவேன். வீடு கட்டுகிறவர் அவர் பக்கம் இருக்கும்போது நான் என்ன செய்ய முடியும்?

கையில் ஸ்மார்ட் போன் வந்த பிறகு அவருக்குச் சீனத்து வாஸ்துவும் வந்துவிட்டது. வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார். கழிவறை மூடியை எப்போதும் மூடி வையுங்கள், வீட்டுக்கு வருகிற நல்லதெல்லாம் அது வழியாகப் போய்விடும் என்று சொல்ல ஆரம்பித்தார். பாத்ரூம் கதவில் கண்ணாடி ஒட்டச் சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கிண்ணத்தில் கல்லுப்பும் வைக்கச் சொல்லுவார். இதில் சீனம் எது, சேலம் எது என்று கேட்டேன். "பலன் ஒண்ணுதானுங்களே" என்றார்.

ஏமாற்றுக்காரர் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் ஒதுக்கினார்கள். என்னால் முடியவில்லை. ஒரு தறிக்காரர் வீட்டு விஷயத்தை என் கண்ணால் பார்த்தேன். அவருடைய மகள் விடுதிப் பள்ளியில் தங்கி இரண்டு வருஷம் ராப்பகலாகப் படித்தவள். டாக்டர் படிப்புக்கான தேர்வில் மார்க் வரவில்லை. அப்பா ஒரு மாதமாக அவளோடு பேசவில்லை. அவள் சாப்பிட உட்கார்ந்தால் இவர் எழுந்து போய்விடுவார். அவளுடைய அம்மா யாருக்கும் சொல்லாமல் வாஸ்துக்காரரைக் கூப்பிட்டார். பாத்ரூம் கதவை மாற்ற வேண்டியிருக்கும் என்று அவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

வீட்டுக்குள் நுழைந்தார், கேட்க வேண்டியதைக் கேட்டார், பார்த்தார். பிறகு அந்தத் தறிக்காரரைக் கைப்பிடித்து அழைத்துப் போய், மகளின் படிப்பு மேசைக்கு நேர் எதிரே பாத்ரூம் கதவு இருப்பதைக் காட்டினார்.

"புள்ள படிச்சுருக்குதுங்க. படிச்சதெல்லாம் அந்தக் கதவுக்குள்ள போயிருச்சு. அது என்ன பண்ணும் பாவம்?"

தறிக்காரர் உள்ளே திரும்பி, மகளின் பெயரைச் சொல்லி, எங்களுக்குக் காபி போடச் சொன்னார். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தப் பெண் தன் பெயரை அப்பா வாயால் கேட்கிறாள். அவள் கொண்டுவந்த தட்டில் டம்ளர்கள் கடகடவென்று ஆடின. கதவை எதிர்ச் சுவருக்கு மாற்றுவதற்கு அன்றைக்கே அளவெடுத்தேன். அது மடத்தனம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

திரும்பி வரும்போது கேட்டேன், உங்களுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று. அவர் இருபது வருஷம் ரிக் வண்டியில் ஓடிய கதையைச் சொன்னார். ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று ஊர் ஊராகப் போய்க் குழாய்க்கிணறு போட்டவர் அவர். அந்தக் கம்ப்ரஸர் சத்தத்தில்தான் காது போனது. எண்ணூறு அடி, ஆயிரம் அடி போட்டும் வெறும் புழுதியாகக் கிளம்புகிற இடங்கள் உண்டு. காட்டுக்காரன், அதாவது நிலத்துக்குச் சொந்தக்காரன், வண்டிப் பக்கத்திலேயே குத்த வைத்திருப்பான், மூஞ்சியெல்லாம் வெள்ளைப் புழுதி. ஏன் தண்ணீர் வரவில்லை என்று இவரைப் பார்த்துக் கேட்பான்.

"தண்ணி இல்லீங்கன்னு சொன்னா அந்த மனுசனுக்கு நிக்க எடமில்லாமப் போயிரும் அம்மிணி. பத்தடி அக்கட்டால போட்டிருக்கோணுமுங்கன்னு சொன்னா, சித்தெ தலையில கைய வெச்சுட்டு உக்காந்திருப்பான். பொறகு எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிச் சோறு திம்பான்."

அவருடைய வாஸ்து சாஸ்திரம் முழுவதும் இவ்வளவுதான் என்று அன்று எனக்குப் பட்டது. காரணம் இல்லாத துக்கத்தோடு ஒரு ஆளை அவரால் விட்டுவிட்டு வர முடியாது. பத்தடி தள்ளி ஒரு இடத்தைக் காட்டிவிட்டுத்தான் வருவார்.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். வராமல் இருக்க முடியாது.

என் வீட்டுக்காரருக்கு லாரி பாடி கட்டும் பட்டறை. நாங்கள் இருவரும் மாடியில். கீழே தென்மேற்கு அறையில் என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. சர்க்கரை வேறு. அதனால் அவருடைய அறையை ஒட்டியே நான் ஒரு பாத்ரூம் போட்டுக் கொடுத்திருந்தேன். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வீட்டுக்கு நான் போட்ட முதல் பிளான் அது. கட்டிலிலிருந்து எட்டடி. உட்கார்ந்து எழ வசதியாக மேற்கத்திய கழிவறை, வலது கைக்கு எட்டுகிற உயரத்தில் பிடித்துக்கொள்ள ஸ்டீல் கம்பி. அத்தை அதை உறவுக்காரர்களுக்கெல்லாம் திறந்து காட்டுவார். மருமகள் படிச்சவள் என்பதற்கு அந்தக் கம்பிதான் அவருக்குச் சாட்சி.

எனக்கு இரண்டு தடவை கரு ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. இரண்டு தடவையும் வலி ஒன்றும் இல்லாமல், திடீரென்று. இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தபோது, கீழே பார்க்க வந்திருந்தவர்களின் பேச்சு மாடிவரை கேட்டது. கம்ப்யூட்டர் முன்னாடியே உட்கார்ந்திருந்தால் எப்படித் தங்கும் என்றார் ஒருவர். சாரம் ஏறி இறங்குகிறாளாமே என்றார் இன்னொருவர். அவள் வந்த நேரம்தான், பட்டறையில் இவனுக்கு விரல் போனதும் அப்புறம்தானே என்று என் வீட்டுக்காரரின் பெரியம்மா சொன்னார். அத்தை மட்டும், எம்பட மருமகளச் சொல்லாதீங்க என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குமேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆறு மாதம் கழித்து பெரியம்மாதான் வாஸ்துக்காரரைக் கூப்பிடச் சொன்னார். அவர் வந்தார். இந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று அவருக்கு ஏற்கனவே தெரியும், இருந்தாலும் முறைப்படி கேட்டார். கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் சமையலறைக் கதவோரம் நின்றேன். அவர் முதலில் என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் காம்பஸைத் திறந்தார்.

"கன்னி மூலைல கக்கூஸ் இருக்குதுங்க. இந்த ஊட்ல எப்புடிங்க கொழந்த நிக்கும்? அம்மிணி மேல ஒரு குத்தமும் இல்லீங்க."

அந்த உரத்த குரலில் சொன்னார். பத்துப் பேருக்கும் கேட்டது, பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். ஆறு மாதமாக என் தலைமேல் இருந்ததை யாரோ இறக்கி அந்த மூலையில் வைத்த மாதிரி இருந்தது. சமையலறைக்குள் போய் அழுதேன். எல்லாம் தெரிந்த டிப்ளமோக்காரி நான்.

அவர் கிளம்பும்போது வாசல் கேட்டுவரை போனேன். அத்தையால் வெளியே நடக்க முடியாதே என்றேன். அவர் தலையைக் குனிந்து செருப்பை மாட்டினார்.

"எனக்குந் தெரியுமுங்க. பிளான் நீங்கதான போடோணும்? ரெண்டு நாள் யோசிங்க. வேண்டாமுன்னா ஒரு வார்த்த சொல்லுங்க அம்மிணி, நான் வாசல் கேட்ட மாத்தச் சொல்லிக்கறேன்."

இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. கேட்டைக் கிழக்கிலிருந்து இரண்டடி வடக்கே நகர்த்தினால் போதும் என்று அவர் சொல்லியிருப்பார். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. கேட்டை மாற்றினால் பெரியம்மா நம்பமாட்டார் என்று நினைத்தேன். பெரிதாக ஏதாவது உடைந்தால்தான் என்மேல் இருந்த பேச்சு நிற்கும் என்று நினைத்தேன். இன்னும் ஒன்று இருக்கிறது. அந்த இரண்டு நாளில் நானும் பாதி நம்பிவிட்டிருந்தேன். எனக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது.

அத்தையிடம் என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அத்தை யோசிக்கவே இல்லை. "எங் கக்கூஸ்ல என்ன இருக்குது சாமி? புள்ள நின்னாப் போதும்" என்றார். மூன்றாம் நாள் நான் பிளான் போட்டேன். பின்கட்டுக் கதவிலிருந்து வாயு மூலை நாற்பத்திரண்டு அடி. நடுவில் சிமெண்ட் பாதை. புதுக் கழிவறையிலும் கம்பி வைத்தேன், வலது கைக்கு எட்டுகிற உயரத்தில். பாதையின் பக்கத்தில் கம்பி வைக்கத் தோன்றவில்லை. பழைய பாத்ரூமில் பீங்கானைப் பெயர்த்தெடுத்து, குழியை மூடி, அரிசி மூட்டை அடுக்கினார்கள். வேலை முடிந்த அன்று வாஸ்துக்காரர் வந்து கற்பூரம் காட்டினார். அவரே அந்த நாற்பத்திரண்டு அடியை ஒரு தடவை நடந்து பார்த்தார்.

சித்திரையில் மறுபடியும் உண்டானேன். இந்தத் தடவை சேலத்தில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். அவர் பழைய ரிப்போர்ட்டை எல்லாம் பொறுமையாகப் பார்த்தார். கர்ப்பப்பை வாய்க்கு வலு இல்லை, பாரம் ஏறினால் தானாகத் திறந்துவிடுகிறது என்றார். ஒரு தையல் போட்டார். பிரசவம்வரை படுக்கைதான், மாடிப்படி ஏறி இறங்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். ஐந்து நிமிஷம் பேசியிருப்பார். என் இரண்டு குழந்தைகளுக்கான காரணம் அந்த ஐந்து நிமிஷத்தில் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் பழைய பாத்ரூமைத் திறந்துவிடலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஐந்தாம் மாதம் தாண்டட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். தாண்டிய பிறகு, இப்போது எதையாவது உடைத்து ஏதாவது ஆகிவிட்டால் என்று பயந்தேன்.

மாடியில் என் கட்டிலிலிருந்து பாத்ரூம் ஆறடி. கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே அந்தப் பாதை. அத்தை ஊன்றுகோலோடு போய்விட்டு வருவதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பாதி தூரத்தில் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார், மூச்சு வாங்கும். நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டுவார். படுத்துக்கோ, எழுந்திருக்காதே என்று அர்த்தம்.

முதலில் ஒரு நாளைக்கு ஏழெட்டு நடை. பிறகு நாலு. புரட்டாசியில் இரண்டு. எனக்கு அது உறைக்கவில்லை. சமையலுக்கு வருகிற அக்காதான் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுச் சொன்னார், காலையில் வைக்கிற சொம்புத் தண்ணீர் சாயங்காலம்வரை அப்படியே இருக்கிறது என்று. சர்க்கரைக்காரருக்கு எப்படித் தாகம் எடுக்காமல் இருக்கும்? போனில் கீழே கூப்பிட்டுக் கேட்டேன். தாகமில்லை சாமி என்றார். மறுபடி கேட்டதற்கு, "குடிச்சாப் போவோணுமல்லொ" என்று சிரித்தார். என் வீட்டுக்காரர் அறையிலேயே போவதற்கு ஓட்டை வைத்த நாற்காலி ஒன்று வாங்கி வந்தார். படுக்கிற அறைக்குள்ளேயா என்று அத்தை அருவருத்து அதைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். நாங்களும் விட்டுவிட்டோம்.

ஐப்பசியில் ஒரு விடிகாலை. இரவெல்லாம் பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. அத்தை சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். தொட்டி விளிம்பைப் பிடித்து நின்றார். அடுத்த அடி வைத்தபோது ஊன்றுகோல் வழுக்கியது. விழுந்தார். சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். இறங்கி ஓட முடியாது. கீழே ஈரத்தில் கிடந்தபடி அவர் ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டினார். எழுந்திருக்காதே என்று.

இடுப்பெலும்பு. ஆபரேஷன் முடிந்து பதினைந்து நாளில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். உடம்பில் நீர் வற்றிச் சிறுநீரகமும் கெட்டிருக்கிறது என்றார்கள். என்னால் மாடியில் இருக்க முடியவில்லை. அழுது அடம்பிடித்ததால் என்னை நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்கிக் கீழே கொண்டுவந்தார்கள். அத்தையின் கட்டிலோரம் நான் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில்தான் வாஸ்துக்காரர் வந்தார்.

வாசலில் செருப்பைக் கழற்றினார். எதையும் கேட்கவில்லை. கூடத்தில் உறவுக்காரர்கள் இருந்தார்கள், பெரியம்மாவும் இருந்தார். யாரும் அவரை வாங்க என்று சொல்லவில்லை. பையில் இரண்டு இளநீர் கொண்டுவந்திருந்தார், அதைக் கீழே வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அறைக்குள் வந்து நின்றார். அத்தை அவரை அடையாளம் கண்டு, உட்காரச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். பிறகு கேட்டார். குறை சொல்கிற குரலே இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார்.

"ஏனுங்க தம்பி, எல்லா மூலையும் சரி பண்ணியாச்சுங்களே. நான் எதனால உளுந்தேன்?"

மழை என்று சொல்லலாம். தொட்டி தப்பான இடத்தில் இருக்கிறது என்று சொல்லலாம், பாதையின் சாய்வு என்று சொல்லலாம். அவருக்கா தெரியாது? ஆயிரம் வீட்டில் சொன்னவர். நான் என் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். மூலை பார்க்க வந்த அன்று சமையலறைக் கதவோரம் நின்ற என்னைப் பார்த்த அதே பார்வை. வாசல் கேட்டருகே செருப்பு மாட்டிக்கொண்டே அவர் சொன்னது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். இப்போது சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன். அவர் பார்வையை அத்தைமேல் திருப்பினார்.

"என்னாலதானுங்கம்மா. நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன். வேற ஆரு மேலயும் குத்தம் இல்லீங்க."

அதே உரத்த குரல். கூடத்துக்குக் கேட்டது, பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். என் வீட்டுக்காரர் எழுந்து வந்து அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். நாலு பேர் விலக்கினார்கள். அவர் இளநீரைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, அத்தையைப் பார்த்துக் கும்பிட்டார். என் பக்கத்தில் வந்தபோது, ரொம்ப நேரம் உட்காராதீங்க அம்மிணி, படுங்க என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

தை மாதம் மகள் பிறந்தாள். அத்தை அவளை மார்மேல் படுக்கவைத்துக்கொண்டு, நின்னுட்டயா சாமி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வைகாசியில் அவர் போய்விட்டார். பழைய பாத்ரூமைப் பிறகு நாங்கள் மறுபடி திறந்தோம். அந்த ஸ்டீல் கம்பி அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் அப்படியே இருந்தது.

ஊரில் இரண்டு கட்சி. அந்த மூலையை மாற்றிய பிறகுதானே குழந்தை நின்றது என்கிறவர்கள் ஒரு கட்சி. தையல் போட்டதைச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அந்த ஆளால்தான் கிழவி போனாள் என்கிறவர்கள் இன்னொரு கட்சி. என் வீட்டுக்காரர் இந்த இரண்டாவது கட்சி. அவர் நிம்மதியாகத்தான் இருக்கிறார். அந்த ஆளைத் திட்டிவிட்டு, அம்மா போட்டோவுக்குப் பூ வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருகிறார்.

வாஸ்துக்காரர் அதற்குப் பிறகு என் ஆபீஸ் படி ஏறவில்லை. நாமக்கல் பக்கமே வருவதில்லை. ஆத்தூர்ப் பக்கம் அவரைப் பார்த்ததாக ஒரு மேஸ்திரி சொன்னார். தொழிலை விடவில்லையாம். எந்த வீட்டுக்குப் போனாலும் கக்கூஸ் எங்கே என்று கேட்பதற்கு முன்னால், வீட்டில் வயசானவர்கள் இருக்கிறார்களா என்று இப்போது கேட்கிறாராம். மேஸ்திரி இதை வேடிக்கையாகச் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போய்ப் பார்த்திருக்கலாம். ஆத்தூர் ஒன்றும் கண்காணாத தேசம் இல்லை. ஆனால் போய் என்ன சொல்வது? எங்கள் எல்லோரையும் சோறு தின்ன வைப்பதற்காக அவர் தன்னையே காரணமாகக் காட்டிவிட்டுப் போனார். அதை மறுக்க வேண்டியவள் நான், அன்றைக்கே, அந்தக் கட்டிலோரத்திலேயே. அத்தைக்குக் காது நன்றாகக் கேட்கும். அதற்கப்புறம் ஏழு மாதம் உயிரோடு இருந்தார். தினமும் என் கையால் கஞ்சி குடித்தார், என் தலையைத் தடவினார்.

சென்ற வாரம்கூட ஒரு விசேஷ வீட்டில் பேச்சு வந்தது. என் வீட்டுக்காரர் வழக்கம்போல ஆரம்பித்தார். அந்த ஆள் கன்னி மூலை என்றான், நாங்களும் நம்பினோம், நாற்பத்திரண்டு அடி நடக்க வைத்து எங்கம்மாவைக் கொன்றுவிட்டான் என்று முடித்தார். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். என் மகள் என் மடியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். அந்த நாற்பத்திரண்டு அடிக்கு பிளான் போட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.